கூடத்தில் வைத்தது குளியலறையில்

"நான் பொறந்த அன்னிக்கு நடந்தது மொத்தமும் எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கு" என்று கேக் வெட்டிய கத்தியை ஆட்டிக்கொண்டே சொன்னார் பெரியவர். "கண்ணைத் தொறந்தேன். நேர் மேல ஒரு ஃபேன். மூணு இறக்கையில ஒண்ணு வளைஞ்சிருந்துது. என்னைத் தூக்கின நர்ஸுக்கு ஜலதோஷம். தும்மினா பாருங்க, ஒண்ணு, ரெண்டு, மூணு! மூணாவது தும்மல்ல கை நழுவிடுச்சு. நான்தான் சட்டுனு அவ காலரை எட்டிப் பிடிச்சுத் தொங்கினேன். இல்லன்னா இன்னிக்கு இந்தக் கேக்கே கிடையாது."

மேசையைச் சுற்றி இருந்தவர்கள் தலையாட்டினார்கள். பெரியவரின் மனைவி இந்தக் கதையைக் கேட்டுக் கேட்டு அந்த நர்ஸின் ஜலதோஷத்துக்கு மருந்தே எழுதிக்கொடுக்கும் நிலைக்கு வந்திருந்தாள். அவள் பேசாமல் தட்டுகளை அடுக்கினாள். "அன்னிக்குக் காலரைப் பிடிச்ச கை, இன்னிக்கு வரைக்கும் எங்க காதை விடல" என்றார் சகலை. சொல்லிவிட்டு அவரும் தலையாட்டினார். சகலையின் மனைவி, "பாவம், அந்தப் பொண்ணு எப்படிப் பயந்திருப்பாளோ" என்று நர்ஸுக்காக உச்சுக்கொட்டினாள். பெரியவர் வீட்டில் விருந்து சாப்பிடுகிறவர்கள் கட்டவேண்டிய கட்டணம் அது ஒன்றுதான். நம்புகிற முகத்தை வைத்துக்கொண்டு ஏப்பம் விட்டுப் போகலாம்.

மாப்பிள்ளை மட்டும் கட்டணம் கட்டவில்லை.

"அது முடியாது மாமா" என்றான், வாயில் கேக்கோடு. "மூணு வயசுக்கு முன்னாடி நடந்தது எந்த மனுஷனுக்கும் ஞாபகத்துல நிக்காது. நான் வகுப்புல இதைத்தான் முதல் பாடமா எடுக்கிறேன். நீங்க பொய் சொல்றீங்கன்னு சொல்லல. யாரோ சொன்னதைக் கேட்டு, உங்க மூளை அதைத் தப்பா ஒட்டி வெச்சிருக்கு. வயசானா அப்படித்தான் ஆகும்."

சகலை சிரித்தார். அதாவது, முப்பது வருஷமாக அடக்கி வைத்திருந்த சிரிப்பை ஒரேயடியாக அவிழ்த்துவிட்டார். அந்தச் சிரிப்பில் மேசையில் இருந்த தண்ணீரெல்லாம் நடுங்கியது. அடுத்த தெருவில் ஒரு கார் தானாக அலறியது. பெரியவரின் மனைவியும் தட்டுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு குலுங்கினாள். பெரியவர் பெற்ற மகளே, "அப்பா, மாட்டிக்கிட்டீங்களா?" என்றாள்.

பெரியவரும் சிரித்தார். "மாப்ளே சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். அவர் அப்படி மரியாதையாகப் பேசினால் ஊரை விட்டு ஓடிவிட வேண்டும் என்பது தொலைபேசி நிலையத்தில் அவரோடு வேலை பார்த்தவர்களுக்கெல்லாம் தெரியும். அந்தக் காலத்தில், பிணவறைக்கு வரும் அழைப்புகளையெல்லாம் தன்னைத் திட்டிய மேலதிகாரி வீட்டுக்கு மாற்றிவிட்டவர் அவர். "பாடி எப்பங்க குடுப்பீங்க?" என்று கேட்ட குரல்களைக் கேட்டுக் கேட்டே அந்த அதிகாரி பாதியாக இளைத்தார். மாப்பிள்ளைக்கு அந்த வரலாறு தெரியாது.

மாப்பிள்ளை ஞாபகசக்திப் பயிற்சியாளன். தெருவில் அவனை 'ஞாபகக்காரர்' என்றுதான் சொல்வார்கள். மாடியறையில் உட்கார்ந்து லேப்டாப் வழியாக எங்கெங்கோ இருக்கிறவர்களுக்கெல்லாம் மறக்காமல் இருப்பது எப்படி என்று சொல்லிக்கொடுப்பான். கலைத்துப் போட்ட சீட்டுக்கட்டை ஒரு முறை பார்த்துவிட்டு வரிசையாக ஒப்பிப்பான். கையில் எழுதி வைத்துக்கொள்கிறவர்களைக் கண்டால் அவனுக்கு ஆகாது. 'தேடுகிறவன் மறந்தவன்' என்று வாசலில் மாட்டிய போர்டிலும் விசிட்டிங் கார்டிலும் அச்சடித்து வைத்திருந்தான்.

அவனுடைய வித்தை இதுதான்: மனசுக்குள் ஒரு வீட்டைக் கட்டிக்கொள்ள வேண்டும். நினைவில் வைக்கவேண்டியதை எல்லாம் அந்த வீட்டின் அறைகளில் ஒவ்வொன்றாக வைக்க வேண்டும். பிறகு மனசுக்குள்ளேயே நடந்து போய் எடுத்துக்கொள்ளலாம். அவன் கட்டியிருந்தது மாமனார் வீட்டைத்தான். வாசல், கூடம், சமையலறை, மாடிப்படி, குளியலறை என்று தன்னுடைய இரண்டு ஹார்ட் டிஸ்கிலும் ஃபோல்டர்களுக்குப் பெயர் வைத்து, பாடம், படம், வீடியோ எல்லாவற்றையும் அந்தந்த அறையில் போட்டு வைத்திருந்தான். ஃபைலுக்குத் தேதி போடமாட்டான், வரிசை எண் போடமாட்டான், தேடும் பெட்டியில் ஒரு எழுத்து தட்டமாட்டான். வகுப்பு நடக்கும்போது, "மூணாவது பாடம் எங்க இருக்கு? சமையலறையில, அடுப்புக்கு இடது பக்கம்!" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லித் திறப்பான். மாணவர்கள் வாயைப் பிளப்பார்கள்.

அந்த ஹார்ட் டிஸ்குகளைத்தான் அவன் மாடிக்கும் கூடத்துக்கும் தூக்கிக்கொண்டு அலைந்தான். கூடத்து டிவியில் வீடியோவைப் போட்டுப் பார்க்க ஒரு நடை, மனைவியின் லேப்டாப்பில் வெட்டி ஒட்ட ஒரு நடை.

விருந்து முடிந்த மறுவாரம், ஆடு நனைகிறதே என்று ஓநாய்க்கு அழுகை வந்தது.

"எதுக்கு மாப்ளே இப்படி ஏறி இறங்கி முட்டியைத் தேய்க்கிறீங்க? ரெண்டையும் என்கிட்ட குடுங்க. கீழ ரௌட்டர் பின்னாடி சொருகிடறேன். வைஃபை இருக்கிற எடத்துல எல்லாம் தெரியும். மாடியில நீங்க தொறந்துக்கலாம், கூடத்துல டிவியில பாத்துக்கலாம். வீட்டுக்கே ஒரே அலமாரி."

"ரொம்ப நல்லதாப் போச்சு மாமா. உங்களுக்கு வருமா இதெல்லாம்?"

"கம்பியைப் பாத்தா அதுவே என்கிட்ட பேசும் மாப்ளே."

பெரியவரின் சாய்வு நாற்காலிக்குப் பக்கத்தில் ஷூ வைக்கும் ஸ்டாண்ட். அதன் மேல் ரௌட்டர். அதன் பின்னால் கறுப்பு ஒன்றும் நீலம் ஒன்றுமாக ஹார்ட் டிஸ்குகள் தொங்கின. தன் லேப்டாப்பில் செட்டிங்கைத் திறந்து வைத்துக்கொண்டு பெரியவர் மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "மாப்ளே! யார் யாருக்கு என்னென்ன அனுமதின்னு கேக்குது. மத்தவங்க பாக்க மட்டும் போதுமா? இல்ல மாத்தவும் விடலாமா?"

"நம்ம வீட்டுக்குள்ளதானே மாமா! எல்லாருக்கும் எல்லா அனுமதியும் குடுத்துடுங்க."

"யோசிச்சுச் சொல்லுங்க. பாஸ்வேர்டாவது போடலாமா?"

"பாஸ்வேர்டெல்லாம் மறக்கிறவனுக்கு மாமா!"

பெரியவர் பழம் நழுவிப் பாலில் விழுந்த முகத்தோடு 'சரி'யை அழுத்தினார்.

முதல் நாள் அவர் ஒன்றே ஒன்றுதான் செய்தார். சமையலறையில் அடுப்புக்கு இடது பக்கம் இருந்த மூன்றாவது பாடத்தை எடுத்து மாடிப்படியில் வைத்தார். வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்து, ஹார்ட் டிஸ்கின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு காத்திருந்தார். மாடியில் வகுப்பு ஆரம்பித்தது. "கண்ணை மூடுங்க. மூணாவது பாடம் சமையலறையில…" என்ற குரல் படியில் இறங்கி வந்தது. பிறகு குரல் நின்றது. கைக்கு அடியில் டிஸ்க் கர்ரென்று சுற்ற ஆரம்பித்தது. மாப்பிள்ளை மேலே ஒவ்வொரு அறையாகத் திறந்து பார்க்கிறான் என்று அர்த்தம். கர்ர். நின்றது. கர்ர். வாசல், கூடம், குளியலறை. பெரியவருக்கு அது ஓர் எலி சுவருக்குள் ஓடுவதுபோல் இருந்தது; வால் தன் கையில்.

"என்ன, தனியா சிரிக்கிறீங்க?" என்று கேட்டாள் மனைவி.

"பழைய ஜோக் ஒண்ணு. இப்பத்தான் புரிஞ்சுது."

மதியம் மாப்பிள்ளை இறங்கி வந்தான். "மாமா, நெட்ல ஏதாவது கோளாறா?"

"இல்லியே மாப்ளே. ஏன்?"

"ஒண்ணுமில்ல. ஒரு ஃபைலை நானே வேற எடத்துல வெச்சுட்டேன் போல."

அந்த 'நானே'யைக் கேட்டதும் பெரியவருக்கு இருபது வயது குறைந்தது. இன்னும் இரண்டு 'நானே' கேட்டிருந்தால் அவருக்குப் பல் முளைத்திருக்கும்.

அப்புறம் வெறும் வாயை மென்றவருக்கு அவல் கிடைத்த கதைதான். வாசலில் இருந்தது கூடத்துக்குப் போனது. கூடத்தில் வைத்தது குளியலறையில் கிடந்தது. ஒரு நாள் மாற்றுவார், இரண்டு நாள் சும்மா இருப்பார். அந்தச் சும்மா இருப்பதில்தான் அவருடைய கலை இருந்தது. மாப்பிள்ளை, 'சரியாகிவிட்டது' என்று மூச்சு விடும் நேரம் பார்த்து மறுபடி ஒன்றை நகர்த்துவார். இடம் மாற்றினால் ஃபைலின் தேதி மாறாது. சாட்சி இல்லாத கொலை. ஒரு முறை, பாதி வகுப்பில் மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு திறந்தது நினைவுப் பயிற்சி வீடியோ இல்லை; அவன் மனைவிக்குப் பிறந்தநாள் வாழ்த்தாகப் பாடிப் பதிவு செய்து வைத்திருந்த பாட்டு. கழுதைக்கே கண்ணீர் வரவழைக்கும் குரலில் அவன் பாடுவதை மாணவர்கள் எல்லாரும் கேட்டார்கள். அன்று மாலை இரண்டு பேர் வகுப்பிலிருந்து விலகிக்கொண்டார்கள்.

மகள் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். ஒரு நாள் வேலையிலிருந்து வந்தவள் பையைக்கூட இறக்கி வைக்காமல் அப்பாவின் எதிரே உட்கார்ந்தாள்.

"அப்பா, ஒரு விஷயம் கேக்கணும். அவருக்கு வெச்ச எடம் மறந்து போகுதாம். ராத்திரியெல்லாம் தூங்க மாட்டேங்கிறார். எனக்கென்னவோ அந்த ஹார்ட் டிஸ்கை இங்க சேத்ததுக்கு அப்புறம்தான்னு தோணுது. வேற யாராவது வெளிய இருந்து உள்ள வந்து மாத்த முடியுமா? நீங்க கொஞ்சம் பாருங்களேன்."

இங்கேதான் சாதாரண மனுஷனாக இருந்தால் வாய் தவறியிருக்கும். பெரியவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். ரௌட்டரைத் திருப்பினார், கம்பியைப் பிடுங்கிச் செருகினார், லேப்டாப்பில் அரைமணி நேரம் எதையெதையோ திறந்து உற்றுப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். அந்தப் பெருமூச்சுக்கு மேடையில் மாலையே போட்டிருப்பார்கள்.

"யாரும் வரலம்மா. எல்லாம் சுத்தமா இருக்கு. மெஷின் பொய் சொல்லாது."

"அப்படின்னா அவருக்குத்தான்…"

"நான் எதுவும் சொல்லல. பாவம், மாப்ளேக்கு வேலை ஜாஸ்தி."

மகள் படியேறிப் போனாள். ஒவ்வொரு படியிலும் நின்று நின்று போனாள். சிறிது நேரத்தில் மாப்பிள்ளையின் குரல் கேட்டது: "மாமாவே பாத்துட்டாரா? மாமாவே சொல்லிட்டாரா?" பெரியவர் டிவியின் சத்தத்தைக் குறைத்துக் காதைக் கூர்மையாக்கிக்கொண்டார். "ஞாபகம் போச்சுன்னா நான் எதை வெச்சுப் பிழைக்கிறது? எனக்கு வேற என்ன தெரியும்?" என்றது குரல். பெரியவர் டிவியின் சத்தத்தைக் கூட்டினார். கேட்கவேண்டியதைக் கேட்டாயிற்று.

அந்த நேரத்தில்தான் பெரிய நிறுவனம் ஒன்று மாப்பிள்ளையைக் கூப்பிட்டது. ஊழியர்கள் எல்லாருக்கும் வருஷம் முழுக்கப் பயிற்சி. அது கிடைத்துவிட்டால் மாடியறையை விட்டுத் தனி இடம் எடுத்துப் பள்ளியே ஆரம்பித்துவிடலாம். ஒரே ஒரு சோதனை: ஊழியர்களின் படங்களையும் பெயர்களையும் முன்கூட்டியே கொடுத்துவிடுவார்கள். கூட்டத்தன்று அவன் அரங்கில் நடந்துபோய், எல்லாரையும் பெயர் சொல்லி வணங்க வேண்டும்.

நிறுவனத்து ஆள் பென் டிரைவில் கொண்டுவந்த படங்களை மாப்பிள்ளை நீல ஹார்ட் டிஸ்கில் போட்டுக்கொண்டு, பென் டிரைவைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். ஒவ்வொரு படத்துக்கும் அந்த ஆளின் பெயரும் பதவியுமே ஃபைலின் பெயர். "இதுல ஜெயிச்சிட்டேன்னா என் தலை சரியாத்தான் இருக்குன்னு அர்த்தம்" என்று மனைவியிடம் சொன்னான். "தோத்துட்டேன்னா, போர்டைக் கழட்டிடலாம்." அதைச் சொல்லும்போது அவன் கண்கள் பளபளத்தன. பெரியவர் கூடத்தில் நகம் வெட்டிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை மாப்பிள்ளை படிக்க உட்காரும் முன்பே அவர் வேலையை முடித்துவிட்டார். எல்லாரையும் தொடவில்லை, அவர் அவ்வளவு கொடியவர் இல்லை. முன்வரிசையில் உட்காரக்கூடியவர்களை மட்டும் பார்த்துப் பொறுக்கினார். நிர்வாக இயக்குநரின் பெயரைக் காவலாளியின் படத்துக்கு வைத்தார். காவலாளியின் பெயரை இயக்குநருக்கு. கணக்குப் பிரிவு அம்மாளின் பெயரை ஸ்டோர் அம்மாளுக்கு, ஸ்டோரைக் கணக்குக்கு. இந்த இரண்டு அம்மாள்களும் பல வருஷமாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை என்பது பெரியவருக்குத் தெரியாது. கடவுள் நல்லவர்களுக்கு மட்டுமா துணை இருக்கிறார்?

மாப்பிள்ளை அந்த வாரம் முழுக்கப் படித்தான். சாப்பிடும்போது, குளிக்கும்போது, ஷேவ் செய்யும்போது எல்லாம் பெயர்களை முணுமுணுத்தான். மாமனார் கூடவே உட்கார்ந்து சோதித்தார். "இவர் யாரு மாப்ளே?" "நிர்வாக இயக்குநர் மாமா!" என்று காவலாளியைப் பார்த்துச் சொன்னான் மாப்பிள்ளை. "அடேயப்பா! கல்வெட்டு மாதிரி பதிஞ்சிருக்கே!" என்றார் பெரியவர்.

கூட்டத்தன்று காலை, மாப்பிள்ளை மாடியில் டை கட்டிக்கொண்டிருந்த நேரத்தில், பெரியவர் ஷூ மாட்டுகிற சாக்கில் ரௌட்டர் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாப் பெயர்களையும் பழையபடி அவரவர் படத்துக்கே மாற்றி வைத்தார். எழுந்து பேன்ட்டைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

அரங்கு நிறைந்திருந்தது. குடும்பத்துக்கென்று ஓரத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள். மாப்பிள்ளை புலிபோல் இறங்கினான். முன்வரிசைக்குப் போய், வெள்ளிமுடி இயக்குநரின் முன்னால் நின்று, கையைக் கூப்பி, காவலாளியின் பெயரைக் கணீரென்று சொன்னான்.

அரங்கே வெடித்தது. நல்ல நகைச்சுவை என்று நினைத்தார்கள். இயக்குநரும் சிரித்தார். மாப்பிள்ளை சிரிக்கவில்லை. அடுத்தவரிடம் போனான். அதற்கடுத்தவரிடம் போனான். கணக்கு அம்மாளை ஸ்டோர் அம்மாளின் பெயரால் அழைத்தபோது அந்த அம்மாள் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டாள். "யாரைப் பாத்து என்ன பேர் சொல்றீங்க? அவ பேரைச் சொல்லி என்னைக் கூப்பிட உங்களுக்கு யார் காசு குடுத்தா?" பின்னாலிருந்து ஸ்டோர் அம்மாள், "என் பேருக்கு என்னடி குறைச்சல்?" என்று ஆரம்பித்தாள். பல வருஷமாகப் பேசாதவர்கள் அன்றைக்குப் பேசிய பேச்சில் மைக் தேவைப்படவில்லை.

சிரிப்பு அடங்கி, முணுமுணுப்பாகி, அதுவும் அடங்கியது. மாப்பிள்ளை நடுவில் நின்றான். அந்த அரங்கில் ஓர் ஆளுக்கு மட்டுந்தான் உண்மை தெரியும்: அவன் ஒரு தப்பும் செய்யவில்லை. பார்த்ததைப் பார்த்தபடி, ஓர் எழுத்து பிசகாமல், தங்கமாக ஒப்பித்திருந்தான். உலகத்திலேயே அப்படி ஒரு ஞாபகசக்தியைப் பெரியவர் கண்டதில்லை. அவருக்குப் பெருமையாகக்கூட இருந்தது. சிரிப்பை அடக்கக் கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டார். தோள் குலுங்கியது. அப்பா அழுகிறார் என்று நினைத்து மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை சில்லென்று இருந்தது.

"நாங்க மறக்காம இருக்கத்தான் உங்களைக் கூப்பிட்டோம்" என்றார் இயக்குநர். "போய் நல்ல டாக்டராப் பாருங்க தம்பி." கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. இரக்கமாகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் மாப்பிள்ளை ஷூவைக்கூடக் கழற்றாமல் மாடிக்கு ஓடினான். பெரியவர் நாற்காலியில் அமர்ந்து நீல டிஸ்கின் மேல் கையை வைத்தார். கர்ர் என்று சுற்றியது. நிற்கவே இல்லை. ஒவ்வொரு படமாகத் திறந்து பார்க்கிறான். படத்துக்குக் கீழே சரியான பெயர். அடுத்த படம். சரியான பெயர். திரும்ப முதலிலிருந்து. டிஸ்க், காய்ச்சல்காரன் நெற்றிபோல் சுட்டது. பெரியவர் கையை எடுத்துக்கொண்டார். மேலே ஒரு சத்தமும் இல்லை. அவன் அழுதிருந்தால் காதுக்கு விருந்தாக இருந்திருக்கும். அதைக்கூடக் கொடுக்காமல் கஞ்சத்தனம் செய்தான்.

அதற்குப் பிறகு பெரியவர் ஒரு ஃபைலையும் தொடவில்லை. தொடவேண்டிய அவசியமே இல்லை. சாவி கொடுத்த பொம்மை தானாகவே ஓடியது. வைத்த இடத்திலேயே இருந்த ஃபைலையும் மாப்பிள்ளை, "இது இங்கயா இருந்துது?" என்று சந்தேகப்பட்டான். உள்ளங்கையில் எழுத ஆரம்பித்தான்; கை போதாமல் முழங்கை வரைக்கும் எழுதினான். மனசுக்குள் கட்டிய வீடு இடிந்ததில் நிஜ வீடும் ஆடிப்போனது. ஒரு நாள் குளியலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு, "அத்தை, இதுதானே சமையலறை?" என்று கேட்டான். உள்ளே குளித்துக்கொண்டிருந்த அத்தை போட்ட சத்தத்தில் குழாயே தானாக நின்றது. இரண்டு டாக்டர்கள் பார்த்தார்கள், மூளையைப் படம் எடுத்தார்கள், ஒன்றும் இல்லை என்றார்கள். "கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு முத்திப்போச்சு" என்று அவன் முடிவு செய்தான். போர்டைத் தானே கழற்றி மாடிப்படிக்கு அடியில் வைத்தான். கார் நிறுத்துமிடம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தான். வண்டி வந்தால் பட்டனை அழுத்த வேண்டும். எண்ணை மெஷினே அச்சடித்துக் கொடுத்துவிடும். எதையும் ஞாபகம் வைக்கவேண்டாம்.

இப்படியே மாதங்கள் போயின. பெரியவருக்கு உள்ளுக்குள் ஒரு குடைச்சல் ஆரம்பித்தது. மனசாட்சி என்று யாரும் தப்பாக நினைத்துக்கொள்ள வேண்டாம். இவ்வளவு பெரிய வேலையைச் செய்துவிட்டு, ஓர் ஆளிடம்கூடச் சொல்ல முடியாமல் இருப்பதை எந்தக் கலைஞன் தாங்குவான்? பிணவறை அழைப்புகளைப் பற்றியாவது அலுவலகமே பேசிச் சிரித்தது. இந்தக் காவியத்துக்கு ஒரு ரசிகர் இல்லை. சகலையிடம் சொன்னால் மகள் காதுக்குப் போய்விடும். யோசித்துப் பார்த்ததில், முழுசாக ரசிக்கத் தகுதியுள்ள ஆள் ஒருவன்தான் இருந்தான்.

அவருடைய அடுத்த பிறந்தநாள் வந்தது. மத்தியானம், பெண்கள் கேக் வாங்கப் போயிருந்த நேரத்தில், பெரியவர் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மாடியேறினார்.

"மாப்ளே, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். உங்க தலையில ஒரு கோளாறும் இல்ல. நான்தான் மாத்தினேன்."

"எதை மாமா?"

"எல்லாத்தையும்! சமையலறையில இருந்து எடுத்து மாடிப்படியில வெச்சது, கூடத்துல இருந்து குளியலறைக்குப் போட்டது, அந்தக் கம்பெனி ஆளுங்க பேரு, அத்தனையும் நான். போன வருஷம் எல்லார் முன்னாடியும் என்னை மட்டம் தட்டினீங்க இல்ல? அதுக்குத்தான்." பெரியவரால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "நீங்க மேல தேடும்போது கீழ டிஸ்க் கர்ருங்கும் பாருங்க…"

மாப்பிள்ளை மெதுவாக அவர் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டான்.

"எனக்கு ஆறுதலா இருக்கட்டும்னு சொல்றீங்க. இல்ல மாமா?"

"ஆறுதலா? யோவ், நிஜமாச் சொல்றேன்யா! இதோ பாருங்க." பெரியவர் லேப்டாப்பைத் திறந்து, வாசலில் இருந்த ஒரு ஃபைலை அவன் கண்ணெதிரே குளியலறைக்குத் தள்ளினார். "இப்படித்தான் செஞ்சேன்."

"இதை யார் வேணும்னாலும் செய்யலாம் மாமா. அதுக்காக நீங்கதான் செஞ்சீங்கன்னு ஆயிடுமா? நீங்களே அன்னிக்குப் பாத்துட்டுச் சொன்னீங்களே, மெஷின் பொய் சொல்லாதுன்னு. எனக்காக அரங்கத்துல கைக்குட்டையை வாயில வெச்சுக்கிட்டு அழுதவர் நீங்க. உங்களை எனக்குத் தெரியாதா?" மாப்பிள்ளையின் கண்ணிலிருந்து பொலபொலவென்று வழிந்தது. "பெத்த அப்பாகூட இப்படிப் பழியைத் தன் மேல போட்டுக்க மாட்டார்."

பெரியவர் கத்தினார். சத்தியம் செய்தார். எந்த நாள் எந்த ஃபைல் என்று விரல் விட்டுச் சொன்னார். சொல்லச் சொல்ல மாப்பிள்ளை அவர் முதுகைத் தடவிக்கொடுத்தான். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். வாழ்க்கையில் அவர் சொன்ன ஒரே உண்மை. அதை வாங்க ஆளில்லை. லேப்டாப்பை மூடிக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் நின்று நின்று கீழே இறங்கினார்.

சாயங்காலம் எல்லாரும் வந்தார்கள். சகலை, சகலையின் மனைவி, மகள். மேசையில் போன வருஷத்தைவிடப் பெரிய கேக். மத்தியானத்துத் தோல்வியை விழுங்குவதற்குப் பெரியவருக்கு ஒரு வெற்றி தேவைப்பட்டது. கேக்கை வெட்டிக் கொடுத்துவிட்டு, கத்தியைக் கையில் வைத்துக்கொண்டே தொண்டையைச் செருமினார்.

"நான் பொறந்த அன்னிக்கு நடந்தது மொத்தமும் எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கு" என்றார். ஃபேன் வந்தது, வளைந்த இறக்கை வந்தது. இந்த வருஷம் நர்ஸ் இன்னும் குண்டாகியிருந்தாள், தும்மல் இன்னும் பலமாகியிருந்தது. ஜன்னல் கண்ணாடி ஒன்று உடைந்தது. பெரியவர் காலரைப் பிடித்துத் தொங்கினார்.

யாரும் தலையாட்டவில்லை. எல்லார் கண்ணும் பழைய ஞாபகத்தில் மாப்பிள்ளை பக்கம் திரும்பியது. மகள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். சகலை சிரிப்பதற்கு வாயைத் தயாராக வைத்திருந்தார்.

"என்ன மாப்ளே, பேசாம இருக்கீங்க?" என்றார் பெரியவர். "போன வருஷம் முடியாதுன்னு சொன்னீங்களே. இப்பச் சொல்லுங்க, இது நடந்துதா, இல்லியா?"

மாப்பிள்ளை கேக்கைக் கீழே வைத்தான். கண்ணை மூடிக்கொண்டான். ஒவ்வோர் அறையாகத் திறந்து பார்க்கிறவனைப்போல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தான். பிறகு கண்ணைத் திறந்தான்.

"நடந்துது மாமா" என்றான். "நர்ஸ் தும்மினா. மூணு தடவை. ஃபேன்ல ஒரு இறக்கை வளைஞ்சிருந்துது. எனக்கே நல்லா ஞாபகம் இருக்கு."